உச்செள்ளுப் பொடி போட்ட சிப்ஸ்

“மண்ணுல கொட்டிப் பொறுக்குன மாதிரி இருக்குது. இதைப் போயி எவன்மா காசு குடுத்து வாங்குவான்?”

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருந்த பாய் என்னிடம் கேட்டது இது. நான் கொடுத்த உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒன்றை, பூச்சியைப் பிடித்தவர் போல இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்திருந்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். கருப்பாகக் கொஞ்சம் பொடி உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதையும் ஊதிவிட்டார்.

“வாயில போட்டுப் பாருங்க பாய்.”

“கண்ணுலயே போவ மாட்டேங்குது. அப்பறம் எங்க வாயில போடறது?”

டீ குடித்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஐப்பசி முடியப்போகிற நேரம் அது. பொங்கல் கழிந்தால் நான் வேலை செய்த தொழிற்சாலை வாசலில் எந்தத் தள்ளுவண்டியும் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். லாரிகள் திரும்ப இடம் வேண்டுமாம். அங்கே நின்ற வண்டிகளில் ஒன்று என் அம்மாவுடையது. அதற்குள் அம்மாவின் சிப்ஸுக்கு ஊருக்குள் ஓர் இடம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் பழையபடி கிழங்கு தோண்டும் கூலிக்குத்தான் போக வேண்டும். அந்த வேலைக்கு அவள் முதுகு இனி வளையாது என்பது எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதையில் நின்று, பாய் தட்டிவிட்ட அந்த ஒரு சிப்ஸை நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அறுவடைக் காலத்தில் அம்மா கர்நாடகத்து மாலூர்ப் பக்கம் வரை உருளைக்கிழங்கு தோண்டப் போவாள். கூலியோடு, வியாபாரி எடுக்காத சின்னக் கிழங்குகளையும் முந்தானை கொள்ளுமளவு கொடுப்பார்கள். வீட்டில் அவற்றை அவிப்போம், சுடுவோம், எப்போதாவது எண்ணெய் இருந்தால் சீவிப் பொரிப்போம். பிறகு தொழிற்பேட்டை வளர்ந்தது. நிலங்களில் பாதி சுற்றுச்சுவருக்குள் போயின. அப்பா லாரிகளில் சுமை ஏற்றப் போனார். ஷிப்டு விட்டு வருகிறவர்கள் பசியோடு பேருந்துக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, அவர்தான் அம்மாவிடம் ஒரு பம்ப் ஸ்டவ்வும் இரும்புச் சட்டியும் வாங்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலில் நிற்கலாமே என்றார். 

அம்மாவுக்குக் கிழங்கைத் தெரியும். நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தே இது புதுக் கிழங்கு, இது குளிர்கிடங்கிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். கிடங்குக் கிழங்கு எண்ணெயில் போட்டதும் சிவந்துபோகும், இனிக்கும். அதை அவள் தொடமாட்டாள். அப்பா சீவுகட்டையில் நேரே சட்டிக்கு மேலே கிழங்கைத் தேய்ப்பார். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எண்ணெயில் விழும். உப்பு, மிளகாய்த்தூள். அவ்வளவுதான் அப்போது எங்கள் சிப்ஸ். வாசலில் நின்ற மற்ற இரண்டு வண்டிகளிலும் அதே சிப்ஸ்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும் அதே தொழிற்சாலையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பூட்டும் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். நீல மேலங்கி போட்டுக்கொண்டு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பெரிய கூடம். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே மேசையில் ஓடும். யார் எந்த மொழியில் ஆரம்பித்தாலும் முடிக்கும்போது வேறொன்றில் இருப்பார்கள்.

எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பேருந்தில் வருவாள். எங்கள் பிரிவில் அவளை எல்லோரும் அத்திப்பள்ளிக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவள் பேசும் தமிழில் கோபம் வந்தால் மட்டும் கன்னடம் கலக்கும். அவளுக்கு அடிக்கடி கோபம் வரும்.

அப்போது கேண்டீன் கிடையாது. மத்தியானம் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். என் பங்குக்கு நான் உடைசல் கொண்டுபோவேன். வண்டியில் விற்க முடியாத உடைந்த சிப்ஸை அம்மா தனியாக ஒரு டப்பாவில் ஒதுக்கிவைப்பாள். முன்பே உப்புப் போட்டால் நமத்துவிடும் என்று அதில் எதுவும் சேர்க்கமாட்டாள். ஒரு நாள் நான் உப்புப் பொட்டலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அத்திப்பள்ளிக்காரி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“என்னடி இது, காய்ஞ்ச எல மாதிரி. உப்பில்ல, காரமில்ல.”

“மறந்துட்டு வந்துட்டேன்டி. இருக்கறதத் தின்னு.”

“நான் ஏன் தின்னணும்?” என்று சொல்லிவிட்டு, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த பொடியை அப்படியே என் டப்பாவில் கவிழ்த்தாள். டப்பாவை மூடி இரண்டு கையாலும் குலுக்கினாள்.

உச்செள்ளுப் பொடி. பேயெள்ளு என்றும் சொல்வார்கள். எள்ளை விடக் கொஞ்சம் நீளமாக, கருகருவென்று பளபளக்கும் விதை. எங்கள் மேட்டு நிலங்களில் மழைக்காலம் முடியும்போது மஞ்சளாகப் பூத்து நிற்கும். வறுத்து, காய்ந்த மிளகாயோடு இடித்துவைப்பார்கள். எங்கள் வீட்டிலும் தினமும் இருக்கிற பொடிதான். கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்வோம். ஆனால் களியை யாரும் மெல்லுவதில்லை, உருட்டி விழுங்குவதுதான் வழக்கம். பொடி நாக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விடும். பிறந்ததிலிருந்து தின்ற பொடியை அன்றுதான் நான் முதல்முதலாகப் பல்லால் கடித்தேன். மொறுமொறுவென்று உடையும் கிழங்கோடு வறுத்த வாசனை வந்தது. பின்னால் மிளகாய் வந்தது. கடைசியில் துளி வெல்லம்.

“வெல்லமா போட்டிருக்கீங்க?” என்றேன்.

“போடாம? நிங்க ஊர்ல என்னா போடுவீங்க?”

“பூண்டு.”

“தூ! நாத்தம் அடிக்காதா?”

மறுநாள் நான் எங்கள் வீட்டுப் பொடியைக் கொண்டுபோனேன். இரண்டு டப்பாக்கள், இரண்டு கட்சிகள். சேலத்துக்காரி ஒருத்தி பூண்டுப் பக்கம் நின்றாள். கன்னடப் பெண்கள் மூன்று பேர் வெல்லத்தின் பக்கம். “இது நம்மவ்வா மாடித புடி கணே,” என்று அத்திப்பள்ளிக்காரி, தன் அம்மா கையால் இடித்ததை ஊரே பழித்துவிட்டதுபோல் எழுந்து நின்றுவிட்டாள். எங்களைவிட மூத்த, தெலுங்கு பேசும் அக்கா ஒருவர், மோர் குடித்துக்கொண்டிருந்தவர், தலையைத் திருப்பாமலே சொன்னார்: “ரெண்டூ கலிப்பேயண்டி.” இரண்டையும் கலந்துவிடுங்கள் என்று.

கலந்தோம். சண்டை அங்கேயே நின்றுபோனது. ஏனென்றால் எல்லோருடைய வாயும் நிறைந்திருந்தது.

அம்மாவிடம் கொண்டுபோனபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“களிக்குப் போடறத இதுல போட்டா வர்றவன் என்னா நெனப்பான்? கீழ சிந்துனத அள்ளி விக்கறான்னு நெனப்பான்.”

“ஒண்ணே ஒண்ணு தின்னு பாரும்மா.”

தின்றாள். இன்னொன்று எடுத்தாள். அடுப்பைக் கவனிப்பதுபோல் திரும்பிக்கொண்டு மூன்றாவது எடுத்தாள்.

“பூண்டு பத்தல,” என்றாள். என் அம்மா ஒன்றை ஏற்றுக்கொள்கிற விதம் அது.

வாசலில் முதலில் வாங்கியவர்கள் உள்ளூர்ப் பெண்கள்தான். அவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மற்ற ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களிடம்தான் பெரும்பாடாய்ப் போயிற்று. திருநெல்வேலிக்காரர் ஒருவர், லேத்தில் வேலை செய்பவர், பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அப்படியே நின்றார்.

“என்னம்மா இது, மண்ணுல போட்டு எடுத்தியளா?”

“மண்ணு இல்லண்ணே, பொடி,” என்றாள் அம்மா.

“பொடியா? எங்க ஊர்ல பொடின்னா மூக்குல போடுவோம்.”

அவர் ஒவ்வொரு சிப்ஸாக எடுத்து, ஊதி, பொடியைப் பறக்கவிட்டு, பிறகு தின்றார். முழுப் பொட்டலத்தையும் அப்படி ஊதி ஊதியே முடித்தார். அடுத்த நாள் பாதியைத்தான் ஊதினார். அந்த வாரக் கடைசியில் பொட்டலத்தின் அடியில் தங்கியிருந்த பொடியை, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வாய்க்குள் கொட்டிக்கொண்டதை நானே பார்த்தேன்.

அம்மாவின் கை அதற்குள் பழகிவிட்டது. சட்டியிலிருந்து அள்ளிய சூடு ஆறுவதற்குள் அகன்ற அலுமினியக் குண்டானில் கொட்டி, மேலே பொடியைத் தூவி, குண்டானை இரண்டு பக்கமும் பிடித்து ஓர் எகிறு எகிறவிடுவாள். சிப்ஸ் மொத்தமும் ஒரு முறை அந்தரத்தில் திரும்பி விழும். எண்ணெய்ச் சூட்டில் பொடி பிடித்துக்கொள்ளும். பூண்டு வாசனை கிளம்பி வாசல் கேட் வரைக்கும் போகும். காவலாளி அங்கிருந்தே கை தூக்கி ஒரு பொட்டலம் என்று காட்டுவார்.

சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். சேலத்துக்குப் போனது, மதுரைக்குப் போனது. திருநெல்வேலிக்காரர் தன் பிள்ளைகளுக்கு என்று ஒரு பை நிறைய எடுத்துப் போய், பாதி வழியிலேயே பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று வந்து சொன்னார். பேருந்து நடத்துனர்கள் இறங்கி வாங்கினார்கள். ஓசூரில் அதைக் கருப்பு சிப்ஸ் என்றார்கள். கிருஷ்ணகிரி போனதும் அது ஓசூர் சிப்ஸ் ஆனது. இதைக் கேள்விப்பட்டு அத்திப்பள்ளிக்காரி கொதித்துப்போனாள்.

“புடி நம்மது, பேரு உங்களுதா? நாளைக்கே எங்க ஊர்ல ஒரு போர்டு வெக்கறேன் பாரு!”

“வெய்யி. கெழங்கும் உங்க மாலூர்க் கெழங்குதான். சட்டி மட்டும் எங்களுது.”

“அந்தச் சட்டியக் குடு, எல்லாம் நம்மதே ஆயிடும்,” என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாசலைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் பாயிடம் போனதும் அவர் சட்டையை ஊதிவிட்டதும் அப்போதுதான்.

திரும்பி வரும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கருப்புதானே பிரச்சினை, வெள்ளையாக்கிவிட்டால்? வெள்ளை எள் வாங்கி, தோலை நன்றாகத் தேய்த்து எடுத்து, வறுத்து, அதே மிளகாயும் பூண்டும் வெல்லமும் சேர்த்து நானே இடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எள்ளுருண்டை உடைஞ்சு சிப்ஸ் மேல கொட்டிடுச்சாக்கும்?” என்றாள் சேலத்துக்காரி.

அத்திப்பள்ளிக்காரி டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் வண்டியில் திருநெல்வேலிக்காரருக்கு ஒரு பொட்டலம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றைத் தின்றுவிட்டுக் கேட்டார்: “அந்த மண்ணு சிப்ஸ் எங்கம்மா?”

எனக்கு அந்தக் கேள்வியில் பாதித் தெம்பு திரும்பிவிட்டது. கருப்பாகவே பாயிடம் மறுபடி போனேன். இந்த முறை பாலிதீன் பையில் போட்டு ஒட்டி எடுத்துப் போனேன். பையின் வாயை ரம்ப பிளேடு ஒன்றோடு மடித்துப் பிடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். அப்பாதான் ஒட்டினார். பையை விடத் தன் விரலைத்தான் அதிகம் சுட்டுக்கொண்டார். சரம் சரமாகக் கோத்து பாய் கடை முன்னால் நின்றேன்.

“மறுபடியும் நீயா?”

“பையில இருக்குது பாய். உங்க சட்டையில கொட்டாது.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பன் தொங்குகிற கம்பியின் ஓரத்தைக் காட்டினார்.

“தொங்கட்டும். ஈ மொய்க்காம இருந்தாச் சரி.”

முதல் சரம் போய்விட்டது. பெங்களூர்ப் பேருந்திலிருந்து டீக்கு இறங்கியவர்கள் பையை வெளிச்சத்தில் பார்த்து, “உச்செள்ளு!” என்று கண்டுபிடித்து வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது சரமும் போனது. அப்பா மேலும் ஒரு கட்டு பாலிதீன் பை வாங்கிவந்தார். அம்மா வாசலைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. புயல் மழை. பேருந்துகள் குறைந்துபோயின. பாய் கடையில் சரங்கள் அப்படியே தொங்கின. மழை விட்ட பிறகு அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் போனபோது சரங்களெல்லாம் மேசைமேல் குவிந்து கிடந்தன. ஒரு பை பிரித்திருந்தது. என் முன்னாலேயே அதிலிருந்து ஒன்றை எடுத்து, முதல்முறையாக, வாயில் போட்டார். அடுத்த நொடி வாசலுக்குப் போய்த் துப்பினார்.

“இத்தன நாளா பாக்கறதுக்குத்தான் நல்லா இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்மா,” என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் எல்லாப் பைகளையும் பிரித்தோம். பழைய எண்ணெய் விளக்கைப் போல சிக்கு வாடை. அப்பா, எண்ணெய்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். அம்மா, எண்ணெயைச் சொல்லாதே, பையைச் சொல்லு, மெழுகுவத்திப் புகை உள்ளே போய்விட்டது என்றாள். இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

தொழிற்சாலையில் பூட்டிய சாமான் ஓடவில்லை என்றால், எது குற்றம் என்று நாங்கள் வாதாடமாட்டோம். கழற்றுவோம். ஒவ்வொரு பாகமாகத் தனியாக ஓட்டிப் பார்ப்போம். அதையே செய்தேன். பொடி போடாத சிப்ஸ் ஒரு பையில். பொடி மட்டும் ஒரு பையில். இடிக்காத உச்செள்ளு ஒரு பையில். மூன்றையும் ஒட்டி ஒரே ஆணியில் மாட்டினேன். அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், “பரிச்ச எழுதுதா மூணும்?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மார்கழியில் பிரித்தபோது சிப்ஸ் நன்றாக இருந்தது. உச்செள்ளும் நன்றாக இருந்தது. பொடிதான் கெட்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் எளிதான விஷயம். உச்செள்ளு எண்ணெய் வித்து. முழுதாக இருக்கிற வரைக்கும் ஓட்டுக்குள் எண்ணெய் பத்திரமாக இருக்கும். இடித்தால் எண்ணெய் வெளியே வந்துவிடும், காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பொடி அத்தனை நாள் மிஞ்சியதில்லை. அதனால் அது கெடும் என்பதே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

“அப்ப பொடி கடைக்குப் போவாது,” என்றார் அப்பா.

“போவாதுப்பா. நாமதான் போவணும்,” என்றேன்.

படித்த படிப்புக்கு வீட்டில் வேலை கிடைத்தது அன்றைக்குத்தான் என்று எனக்கு ஒரே பெருமை. மறைப்பானேன், இன்றும் அந்தப் பெருமை இருக்கிறது.

பாயிடம் மூன்றாவது முறை கேட்கப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், கடை முன்னால், அம்மா அடுப்போடு நிற்கட்டும் என்று கேட்டேன்.

“என் கடை முன்னாடி அடுப்பா? கேக்கு மேலெல்லாம் எண்ண வாடை ஏறும்.”

“ஒரே ஒரு நாள் பாய். பிடிக்கலைன்னா சாயங்காலமே எடுத்துடறோம். அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவை வரவைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. தொழிற்சாலை வாசல் அவளுக்குப் பழகிய இடம். பேருந்து நிலையம் அப்படி இல்லை. “அத்தன பேர் முன்னாடி அந்தாளு வெரட்டிட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடப்பேன்?” என்றாள். சனிக்கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே மிளகாய்க் காம்பு கிள்ளினாள், பூண்டு உரித்தாள்.

ஞாயிறு காலை அப்பா சீவுகட்டையோடும், நான் சின்ன உரலோடும் நின்றோம். எண்ணெய் காய்வதற்கு முன்பே அம்மா பக்கத்து அடுப்பில் உச்செள்ளை வறுக்கத் தொடங்கினாள். அது படபடவென்று வெடித்தது. பெங்களூர்ப் பேருந்தின் சன்னலிலிருந்து இரண்டு தலைகள் திரும்பின. இறங்கி வந்த ஓர் அம்மாள் சட்டியை எட்டிப் பார்த்து, “உச்செள்ளா?” என்றார். அம்மா கரண்டியிலேயே கொஞ்சம் எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டாள். நான் இடித்தேன். அப்பா சீவினார். அம்மா குண்டானைத் தூக்கி எகிறவிட்டாள். நின்றவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள், பிறகு இரண்டடி முன்னால் வந்தார்கள்.

அன்று ஒருவர்கூட மண்ணா என்று கேட்கவில்லை. விதையை வறுப்பதையும், இடிப்பதையும், அது சிப்ஸின் மேல் விழுவதையும் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. நான் வெள்ளையாக்கப் பார்த்ததும் பையில் அடைத்ததும் இரண்டுமே தப்பான வழிகள். காட்ட வேண்டியதை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாய் மத்தியானம் வரை கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ மாஸ்டரிடம் பால் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். தீர்ந்திருந்தது.

“காரம் தின்னவன் எல்லாம் டீ கேக்கறான்,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

சாயங்காலம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, சொன்ன சொல்லுக்கு ஏற்ப எல்லாவற்றையும் மூட்டை கட்டத் தொடங்கினாள். பாய் எழுந்து வந்தார். அம்மாவைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நாளைக்கி வரும்போது அந்தத் தூணுக்கு அந்தப் பக்கமா போடுங்கக்கா. காத்து நேரா கேக்கு மேல வருது.”

அம்மா கையிலிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள். பொங்கல் கழித்துத் தொழிற்சாலை வாசலைக் காலி செய்தபோது, எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அடுப்பு நிலைத்துவிட்டது. அவள் அதன் பிறகு கிழங்கு தோண்டப் போகவில்லை. கிழங்குதான் மூட்டை மூட்டையாக அவளிடம் வந்தது.

அதன் பிறகு கருப்பு சிப்ஸ் எங்கள் கையில் நிற்கவில்லை. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை டீக்கடைகளில் போட்டார்கள். அத்திப்பள்ளிக்காரி கல்யாணமாகிக் கோலார்ப் பக்கம் போய், அங்கே வெல்லம் தூக்கலாகப் போட்டு ஒரு கடையே வைத்துவிட்டாள். பூண்டு போடுகிறாயா என்று கேட்டதற்கு, “கொஞ்சமே கொஞ்சம், யாருக்கும் சொல்லாதே,” என்றாள். எங்களைப் பார்த்துச் செய்தார்கள் என்று அம்மா யார்மீதும் வருத்தப்பட்டதில்லை. ஊர்ப் பொடி, எல்லோர் வீட்டிலும் இருப்பது. யாரை என்ன சொல்வது என்பாள்.

அவள் வருத்தப்பட்டது ஒரே ஒரு முறை. போன மாம்பழக் காலத்தில் நாங்கள் பர்கூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கிருஷ்ணகிரியில் பேருந்து மாற வேண்டும். அங்கே ஒரு வண்டியில் ஓசூர் சிப்ஸ் என்று பெரிதாக எழுதிவைத்து, பையில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா சந்தோஷமாக ஒரு பை வாங்கினாள். வாயில் போட்டவள் மெல்லவில்லை. முந்தானை ஓரத்தில் துப்பி மடித்துக்கொண்டாள்.

“இது எங்கேருந்துங்க வருது?” என்று விற்றவரிடம் கேட்டேன்.

“ஓசூர்லருந்துதாம்மா. ஒரிஜினலு. கொஞ்சம் இப்படித்தான் வாடையா இருக்கும், அதான் அதோட ருசி.”

பக்கத்தில் நின்ற ஒருவர், “ஓசூர் சிப்ஸா? சிக்கு நாத்தம்,” என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். பர்கூர் வரும் வரை அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சொன்னாள்:

“நான் பாடுபட்டது ஓசூர்ல நல்லா மணக்குது. இங்க வந்தா நாறுது.”

கல்யாண வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, வேலையை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியில் அடுப்புப் போடப்போகிறேன் என்றதும் அப்பாதான் உடைந்துபோனார். பாய் கடை முன்னால் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் மகள் பெரிய தொழிற்சாலையில் வேலை செய்வதைச் சொல்லாமல் அவர் ஒரு பொட்டலம் கட்டியதில்லை.

“படிச்சுட்டு அடுப்பு முன்னாடி நிக்கறதுக்கா?” என்றார்.

“படிக்காம இருந்திருந்தா மூணு பையை ஆணியில மாட்டியிருப்பேனாப்பா?”

“அதுக்கில்ல கண்ணு. அங்க ஃபேன் இருக்குது.”

அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்: “கிருஷ்ணகிரியில கரண்ட் இல்லயா? ஃபேன் ஒண்ணு வாங்கிக் குடு.” அவர் வாங்கிக் கொடுத்தார்.

வேலையிலிருந்து போன மாதக் கடைசியில் நின்றுவிட்டேன். கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில், சேலம் பேருந்துகள் திரும்புகிற பக்கம், ஒரு கடையின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். இங்கே பொடி எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு மூட்டை உச்செள்ளு, உரல், சீவுகட்டை, சட்டி. அவ்வளவுதான். இன்று காலை அந்த ஒரிஜினல்காரர் வண்டிக்கு நேர் எதிரே அடுப்பைப் பற்றவைத்தேன். விதை வெடிக்கிற சத்தம் கேட்டு முதலில் திரும்பிப் பார்த்தது அவர்தான். பக்கத்தில் வந்து நின்றார். முதல் ஈட்டில் முதல் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, இனிப் பொடி போடாத சிப்ஸாக வாங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு முறை இந்த உரலில் வந்து புதுப் பொடி இடித்துக்கொண்டு போகும்படி சொல்லிவிட்டேன்.